உஷார்! உங்கள் பெயரில் போகிறது அந்த லிங்க்

கல்யாணப் பத்திரிகை ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பாக வராது. போக்குவரத்து போலீசின் அபராதச் சீட்டு அப்படி வராது. வங்கியின் கேஒய்சி படிவமோ, பிஎம் கிசான் பயனாளிகள் பட்டியலோ அப்படி வரவே வராது. வந்தால் அது திருட்டு. இதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்க மனம் வரவில்லை. பாதியில் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கும் இது ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியை நிறுவும் கோப்பு. அது படமும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. ‘எங்கள் இல்லத் திருமணத்துக்கு அவசியம் வரவும்’ என்ற வரியோடு அது வாட்ஸ்அப்பில் வரும். அல்லது ‘உங்கள் வண்டி சிக்னலை மீறியது, விவரம் இதில்’ என்று வரும். சில நேரம் கோப்புக்குப் பதில், அதை இறக்கிக்கொள்ளும் லிங்க் வரும். தொட்டதும் போன் எச்சரிக்கத்தான் செய்கிறது: தெரியாத இடத்திலிருந்து வந்த செயலி, நிறுவலாமா? யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்கும் அவசரத்தில் ‘சரி’ என்று தட்டிவிடுகிறோம். அடுத்து, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால் உங்கள் போனுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கும் போய்ச் சேரும். வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவான். அதோடு விடமாட்டான். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணும் எஸ்எம்எஸ்ஸில்தானே வருகிறது? அதை வைத்து உங்கள் வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறப்பான். அத்தை, சித்தப்பா, பள்ளித் தோழி, பால்காரர், மகளின் டியூஷன் டீச்சர் என்று உங்கள் போனில் இருக்கும் எல்லோருக்கும் அதே பத்திரிகை உங்கள் பெயரில், உங்கள் முகப்படத்தோடு போகும்.

இமாசலப் பிரதேச போலீஸ் இந்தக் கல்யாணப் பத்திரிகை மோசடி பற்றி 2024 நவம்பரிலேயே மக்களை எச்சரித்தது. முகூர்த்த மாதங்களில் அழைப்புகள் போனில்தான் வந்து குவிகின்றன என்பதைத் திருடனும் கணக்கில் வைத்திருக்கிறான்.

தெரியாத எண்ணிலிருந்து வரும் லிங்க்கைத் தொடாதீர்கள் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறோம். அந்த அறிவுரை இன்று போதாது. ஆபத்தான லிங்க் இப்போது தெரிந்த எண்ணிலிருந்துதான் வருகிறது. குடும்பக் குரூப்புக்குள் திருடன் தானாக நுழைய முடியாது. நம்மில் ஒருவர்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், பல நேரம் நல்லெண்ணத்தோடு. ஆகவே, எதைத் தொடலாம் என்று கேட்டுக்கொள்வதைவிட எதை அனுப்பலாம் என்று கேட்டுக்கொள்வதே இன்று அவசரம். உங்கள் சித்திக்கு லிங்க்கைப் பற்றி எதுவும் தெரியாது. அனுப்பியது நீங்கள் என்பது தெரியும். அது போதும் அவருக்கு.

பரிசு லிங்க்குகளைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டு விழா என்று ஆரம்பிக்கும். சுலபமான மூன்று நான்கு கேள்விகள் கேட்கும்: ஆணா பெண்ணா, வயது என்ன, எங்கள் நிறுவனத்தைத் தெரியுமா? பிறகு சில பெட்டிகளைக் காட்டி ஒன்றைத் திறக்கச் சொல்லும். முதல் முறை ஒன்றும் கிடைக்காது. இரண்டாம் முறை பெட்டியில் காரோ, போனோ, ரொக்கமோ ‘விழும்’. பரிசைப் பெற வேண்டுமானால் இந்த லிங்க்கை 5 குரூப்புக்கும் 20 நண்பர்களுக்கும் அனுப்பு என்று சொல்லும். நீங்கள் அனுப்ப அனுப்ப ஒரு கோடு பச்சையாக நிறைந்துகொண்டே போகும். அந்தக் கோட்டுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் உண்மையில் அனுப்பினீர்களா என்று அந்தப் பக்கத்தால் பார்க்கவே முடியாது. பொத்தானை எத்தனை முறை தொட்டீர்கள் என்று மட்டுமே எண்ணும். கீழே ‘எனக்குக் கிடைத்துவிட்டது, நன்றி’ என்று எழுதியிருக்கும் பத்துப் பேரும் அந்தப் பக்கத்தோடு சேர்த்து வரையப்பட்டவர்கள். 2021-ல் டாடா பெயரில் இப்படி ஒன்று சுற்றியது. 2022-ல் இந்திய அஞ்சல் துறை மானியம் தருகிறது என்று இன்னொன்று சுற்றியது. இரண்டையும் உரியவர்களே பொய் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு போய்ச் சேருவதற்குள் லிங்க் ஊர் சுற்றி முடித்திருந்தது.

2021 ஏப்ரலில் ‘பிங்க் வாட்ஸ்அப்’ என்று ஒரு லிங்க் வந்தது நினைவிருக்கலாம். பச்சை நிற வாட்ஸ்அப் ரோஜா நிறமாகும், புது வசதிகள் வரும் என்றது. நிறுவியவர்கள் போனிலிருந்து அதே லிங்க் அவர்களை அறியாமல் மற்றவர்களுக்குப் போனது. செயலி வேண்டுமானால் பிளே ஸ்டோருக்கோ ஆப் ஸ்டோருக்கோ போய் நாமே தேடி எடுக்க வேண்டும். லிங்க் வழியாக வரும் வாட்ஸ்அப்புக்கு எந்த நிறமும் வேண்டாம்.

இவையெல்லாம் ஏன் வாட்ஸ்அப்பில் வந்து குவிகின்றன? எஸ்எம்எஸ்ஸில் வாசல் இறுகிவிட்டது. நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்களில் முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க், ஏபிகே, திரும்ப அழைக்கும் எண் எது இருந்தாலும் தடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டு, 2024 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வடிகட்டி இல்லை. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் முழுக்கப் பூட்டியே போகின்றன. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும், வாட்ஸ்அப் நிறுவனமே கூட, உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க முடியாது. அந்தப் பூட்டு நம் அந்தரங்கத்துக்குக் காவல், அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், பூட்டிய பெட்டிக்குள் போகும் லிங்க்கை வழியில் நின்று சோதிக்க ஆள் கிடையாது. சோதிக்க வேண்டியவர் அனுப்புகிறவர்தான்.

லிங்க் அனுப்பும்போது அதன் மேலே ஒரு சின்னப் பெட்டி தோன்றுகிறதே, படமும் தலைப்புமாக, அதைப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் நம்பிவிடுகிறார்கள். வங்கியின் சின்னம் இருக்கிறது, அரசு முத்திரை இருக்கிறது, முதல்வர் படம் இருக்கிறது என்கிறார்கள். அந்தப் பெட்டியை யாரும் சரிபார்ப்பதில்லை. உங்கள் போன் அந்தப் பக்கத்துக்குப் போய், ‘உன் தலைப்பு என்ன, உன் படம் எது’ என்று கேட்டு, அது கொடுப்பதை அப்படியே ஒட்டுகிறது. போலிப் பக்கம் வைத்திருப்பவன் எந்தச் சின்னத்தை வேண்டுமானாலும் கொடுப்பான். ஆகவே படத்தை விடுங்கள், முகவரியைப் படியுங்கள்.

முகவரியைப் படிப்பது கடினம் இல்லை. ‘எச்டிடிபிஎஸ்’ என்பதற்குப் பின் இரண்டு சாய்கோடுகள் இருக்கும். அவற்றைத் தாண்டி, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தில் விரலை வையுங்கள். அந்தச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கடைசிச் சொற்கள்தான் அந்த இடத்தின் சொந்தக்காரர் யார் என்று காட்டும். அதற்கு முன்னால் என்ன பெயர் இருந்தாலும் அது அலங்காரம். ஸ்டேட் பாங்க் முகவரி ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும். அதற்குப் பின்னும் ஒரு புள்ளி வைத்து, ஏதோ ஒரு பெயர், ‘டாட் டாப்’, ‘டாட் எக்ஸ்ஒய்இசட்’ என்று நீண்டுபோனால் அது ஸ்டேட் பாங்க் இல்லை. நம் வங்கிகள் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்ற முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது இதற்காகத்தான். அப்படி முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. கண்டவர் வாங்க முடியாது. தமிழக அரசுப் பக்கங்கள் பெரும்பாலும் ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். உங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். மறுமுனையில் இருப்பவன் நல்லவனா என்று அது சொல்வதில்லை.

எழுத்தையும் ஏமாற்றுகிறார்கள். 2018-ல் அடிடாஸ் இலவசக் காலணி தருகிறது என்று பல நாடுகளில் சுற்றிய லிங்க்கில், ஆங்கில ‘ஐ’ எழுத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி இல்லை. கைபேசித் திரையில் அந்தப் புள்ளியை யார் தேடுவார்கள்? ‘பிட் டாட் எல்ஒய்’ போன்ற குறுக்கிய லிங்க்குகளில் சொந்தக்காரர் யார் என்பதே மறைந்துவிடும். என் கருத்து கறாரானது: பணம், அரசு உதவி, வங்கி, வேலைவாய்ப்பு சம்பந்தப்பட்ட குறுக்கிய லிங்க் எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அனுப்பாதீர்கள். இன்ன துறையின் பக்கத்தில் இன்ன தலைப்பில் இருக்கிறது என்று எழுதிச் சொல்லுங்கள். அவர்களே தேடிப் போகட்டும்.

அரசு உதவி பற்றி இன்னொன்று. 2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ரேஷன் கடைகள் வழியாக டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்து, முகாம்களில் வைத்துத்தான் வாங்கினார்கள். இவ்வளவு பெரிய திட்டத்தையே முகத்துக்கு நேராக நடத்திய ஊரில், ‘இந்த லிங்க்கைத் தொட்டால் கணக்கில் பணம் ஏறும்’ என்று வரும் செய்தியைச் சந்தேகப்படாமல் எப்படி அனுப்புகிறோம்? சந்தேகம் இருந்தால் ரேஷன் கடையில் கேளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

இப்போது சொல்லப்போவது புதியது, மோசமானது. ‘ஏய், இது உன் போட்டோவா?’ என்று தெரிந்தவரிடமிருந்து ஒரு லிங்க் வரும். தொட்டால் ஃபேஸ்புக் போல ஒரு பக்கம் திறக்கும். படத்தைப் பார்க்க உங்கள் போன் எண்ணைக் கொடு என்று கேட்கும். கொடுத்ததும் எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீட்டைக் காட்டி, இதை வாட்ஸ்அப்பில் போட்டு உறுதி செய் என்று சொல்லும். போட்டீர்களானால் முடிந்தது. அது படத்தைக் காட்டும் குறியீடு இல்லை. உங்கள் வாட்ஸ்அப்பைத் திருடனின் கணினியோடு இணைக்கும் குறியீடு. வாட்ஸ்அப்பை நான்கு கருவிகள் வரை கூடுதலாக இணைத்துக்கொள்ளலாம் என்பது வசதிக்காக வந்த ஏற்பாடு. அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இதில் சிம் போகாது, பாஸ்வேர்டு போகாது, உங்கள் வாட்ஸ்அப் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். எதுவும் நடந்ததாகவே தெரியாது. ஆனால் நீங்கள் எழுதுவதையும் உங்களுக்கு வருவதையும் அவன் படித்துக்கொண்டே இருப்பான். பிறகு உங்கள் நடையிலேயே உங்கள் தம்பிக்கு எழுதுவான். அவசரமாக முப்பதாயிரம் வேண்டும் என்பான்.

இப்போதே வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் இணைக்காத கருவி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். அமைப்புகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறது. ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை அதில் வைத்துவிடுங்கள். ஓடிபியைத் திருடியவன் வேறு போனில் உங்கள் கணக்கைத் திறக்கப் பார்த்தால் அந்த எண்ணைக் கேட்டு நிற்க வைக்கும்.

திருட்டு லிங்க் மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. நாமே உருவாக்கிய, முழுக்க உண்மையான லிங்க்கும் தவறான கையில் போய்ச் சேருகிறது. குடியிருப்போர் சங்கத்துக்கு, சுற்றுலாப் பயணத்துக்கு, பள்ளிச் சேர்க்கைக்கு என்று ஆதார் நகல்களையும் பான் அட்டைகளையும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, ‘லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று வைத்து குரூப்பில் போடுகிறோம். காரியம் முடிந்து ஒரு வருடமான பிறகும் அந்த ஃபோல்டர் திறந்தே கிடக்கிறது. குரூப்பை விட்டுப் போனவரிடமும் லிங்க் இருக்கிறது. அவர் வேறு யாருக்காவது அனுப்பினால் நமக்குத் தெரியப்போவதில்லை. இன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி, பழைய ஃபோல்டர்களைப் பூட்டுங்கள். இனி அனுப்பும்போது ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் சேர்த்து அவர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

குரூப்பில் சேரும் அழைப்பு லிங்க்கும் அப்படித்தான். அது யார் கையில் கிடைத்தாலும் கதவு திறக்கும். உள்ளே வந்தவர் எல்லோருடைய போன் எண்களையும் அள்ளிக்கொண்டு போகலாம். 2020-ல் அப்படிப்பட்ட அழைப்பு லிங்க்குகள் கூகுள் தேடலிலேயே கிடைத்தது பெரிய செய்தியானது. அட்மின்கள் அவ்வப்போது பழைய லிங்க்கை ரத்து செய்து புதிது எடுங்கள். புதியவர்களுக்கு அட்மின் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள். பெண்கள் இருக்கும் குரூப், பிள்ளைகளின் வகுப்புக் குரூப் என்றால் இதில் ஒரு நாளும் தாமதம் வேண்டாம்.

நம்மைப் பற்றிய தகவலைச் சுமந்து போகும் லிங்க்குகளும் உண்டு. யூடியூப், இன்ஸ்டாகிராம் லிங்க்குகளின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு நீளமான வால் இருக்கும். யார் பகிர்ந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அந்த நிறுவனங்கள் பின்தொடர அது உதவுகிறது. அதில் கேள்விக்குறிக்குப் பின் ‘எஸ்ஐ’ என்றோ ‘ஐஜிஎஸ்எச்’ என்றோ தொடங்கும் பகுதியை அழித்துவிட்டு அனுப்பினாலும் வீடியோ திறக்கும்.

அனுப்பியவருக்கு என்ன பொறுப்பு, நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன் என்று சொல்கிறவர்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை நடிகர் எஸ்.வி.சேகர் 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது; பகிர்ந்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024-ல் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எழுதியவர் வேறு ஒருவர் என்பது அங்கே எடுபடவில்லை.

அதே 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூரில், உறவினர்களோடு குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னை மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அதை அனுப்பியவர்களில் யாரும் கொலை செய்ய நினைக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். நாடு முழுக்க இப்படிப்பட்ட கொலைகள் நடந்த பிறகே, அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், எழுதியவருக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது ஐந்து கை மாறியிருக்கிறது என்று பொருள். அப்படி வந்த லிங்க்கை அனுப்ப எந்த நியாயமும் இல்லை.

நல்ல லிங்க்கை அனுப்பவே கூடாதா? அனுப்பலாம். மேலே உங்கள் சொந்த வரியில் ஒன்று எழுதுங்கள்: ‘மாமா, நேற்றுப் பேசினோமே அந்த ரயில் நேரம், ரயில்வே பக்கத்திலேயே பார்த்தேன், இதுதான்.’ அந்த ஒரு வரி இல்லாமல் மொட்டையாக வரும் லிங்க்கைச் சந்தேகப்பட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்டு வந்தால் போன் போட்டுக் குரலைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் தவறான லிங்க்கை அனுப்பிவிட்டால் குரூப்பில் வைத்துக் கேலி செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கேலிக்குப் பயந்து அடுத்த முறை பணம் போனால்கூட வெளியே சொல்லமாட்டார்கள்.

தவறான லிங்க்கை நீங்களே அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், எல்லோருக்கும் அழியும்படி அழித்துவிடுங்கள். அதற்கு இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு. அழித்தது மட்டும் போதாது. சிலர் அதற்குள் தொட்டிருப்பார்கள். ‘நான் அனுப்பிய லிங்க் மோசடி, தொட்டவர்கள் உடனே சொல்லுங்கள்’ என்று அதே குரூப்பில் எழுதுங்கள். வெட்கப்பட்டுச் சும்மா இருந்தால் இன்னொரு வீடு சேர்ந்து போகும்.

சந்தேகமான செயலியை நிறுவிவிட்டீர்களானால் முதலில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். அந்தச் செயலியை நீக்குங்கள். வேறு ஒருவர் போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி, கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த நொடி 1930-ஐ அழையுங்கள். மத்திய அரசின் சைபர் மோசடி உதவி எண் அது, தமிழ்நாட்டிலும் அதே எண்தான். திருடன் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி எடுத்துவிடுவதற்குள் நடுவழியில் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, நாம் ஏமாந்து விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் நஷ்டம். தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. இரவு பதினொரு மணிக்குத் தெரிந்தால் காலை பத்து மணிக்குக் கிளை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். 1930 என்ற எண்ணை உங்கள் போனிலும், வீட்டில் இருக்கும் அப்பா, அம்மா, மாமியார், மாமனார் போன்களிலும் இன்றே சேமித்து, எப்போது அழைக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.